நாய் சொறிந்தால், தலையை உதறினால், நாறினால்: எங்கே பார்ப்பது, என்ன செய்வது

நாய்க்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியதும் பெரும்பாலோர் முதலில் செய்வது அதைக் குளிப்பாட்டுவதுதான். சொறிகிறதா, குளிப்பாட்டு. வாடை அடிக்கிறதா, குளிப்பாட்டு. முடி கொட்டுகிறதா, அதற்கும் குளியல். இதனால் பல நேரம் தொல்லை கூடத்தான் செய்கிறது. சிக்குப் பிடித்த முடியில் தண்ணீர் பட்டால் சிக்கு இறுகும். வறண்ட தோல் இன்னும் வறளும். காதில் புண் இருந்தால் உள்ளே போகும் தண்ணீர் அதை மோசமாக்கும். தோலில் விடும் உண்ணி மருந்தை நேற்றுதான் போட்டிருந்தால் அது கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் குழாயைத் திறப்பதற்கு முன் கையால் தேடுங்கள்.

தேடுவது எளிது. நாய் அமைதியாகப் படுத்திருக்கும் நேரம் பார்த்து, மூக்கில் தொடங்கி வால் நுனி வரை, முடி படிந்திருக்கும் திசைக்கு எதிராக விரல்களை ஓட்டுங்கள். காதின் உட்புறம், தாடையின் அடி, கழுத்துப்பட்டைக்குக் கீழே, அக்குள், தொடை இடுக்கு, கால்விரல் இடுக்குகள், வாலடி: தொல்லை ஒளிந்திருப்பது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். உதட்டைத் தூக்கி ஈறையும் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். வாரம் ஒருமுறை இதைச் செய்துவந்தால் உங்கள் நாயின் உடம்பு சாதாரணமாக எப்படி இருக்கும் என்பது கைக்குப் பழகிவிடும். புதிதாக ஒரு கட்டியோ புண்ணோ வந்தால் கண்ணுக்கு முன் விரல் கண்டுபிடிக்கும்.

கீழே உள்ளவை எல்லாம் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக ஓடியாடும் நாய்க்கு. சாப்பாட்டை ஒதுக்குகிறது, சுருண்டு படுத்திருக்கிறது, ஈறு வெளுத்திருக்கிறது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்றோ இல்லை என்றோ முடிவு கட்ட வேண்டாம். நாயின் இயல்பான உடல் வெப்பமே ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் தெரியும்.

குளிப்பாட்டிய இரண்டாம் நாளே வாடை அடிக்கிறது

முதலில் வாடை எங்கிருந்து வருகிறது என்று முகர்ந்து பாருங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, இதைவிட நல்ல சோதனை கிடையாது. காது, வாய், பின்புறம், பாதம், பிறகு முதுகு, இப்படித் தனித்தனியாக முகர வேண்டும். "நாய் நாறுகிறது" என்று என்னிடம் சொன்னவர்களில் பலருக்கு, நாறியது காது மட்டும்தான். காதும் வாயும் பின்புறமும் கீழே தனித்தனியாக வருகின்றன.

உடம்பு முழுக்க ஈர வாடை அடித்தால், முடி சரியாகக் காயவில்லை. நாயின் தோலிலும் முடியிலும் வாழும் நுண்ணுயிர்கள் வெளிவிடும் பொருள்கள், முடி நனைந்து காயும்போது காற்றில் கலந்து வருவதே அந்த வாடை. மேல்முடி தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும். அடியில் பஞ்சு போன்ற உள்முடி நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும். விரலால் பிளந்து தோல்வரை தொட்டுப் பாருங்கள். டவலால் தேய்த்தால் முடி சிக்காகும். ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும். டிரையர் பயன்படுத்தினால் சூடு குறைவாக, ஓரிடத்திலேயே நிற்காமல், இன்னொரு கை எப்போதும் அந்தக் காற்றின் வழியில் இருக்கும்படி. உங்கள் கைக்குச் சுட்டால் நாய்க்கும் சுடும்.

கையில் பிசுபிசுப்பு ஒட்டினால், ஒன்று ஷாம்பு முழுதாகப் போகவில்லை, அல்லது தோலில் எண்ணெய்ச் சுரப்பு மிகுந்திருக்கிறது. அடுத்த முறை, அலசி முடித்துவிட்டோம் என்று தோன்றிய பிறகும் இன்னொரு முறை அலசுங்கள். வயிற்றடியும் அக்குளும் எப்போதும் விட்டுப்போகும் இடங்கள். அப்படியும் பிசுபிசுப்புத் திரும்பி வந்து, கூடவே சொறிச்சலும் இருந்தால் அது ஈஸ்ட் என்னும் ஒருவகைப் பூஞ்சையின் தொற்றாக இருக்கலாம். மருத்துவர் மருந்து ஷாம்பு தந்தால் ஒன்றை மறக்க வேண்டாம்: அதைப் பூசி வழக்கமாகப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். உடனே கழுவிவிட்டு "இந்த ஷாம்பு கேட்கவில்லை" என்பவர்கள் நிறைய.

நாம் போட்டுக்கொள்ளும் ஷாம்பு வேண்டாம். நம் தோல் சற்று அமிலத்தன்மை உடையது, பி.எச். அளவு 5.5-ஐ ஒட்டி இருக்கும். நாயின் தோல் நடுநிலையான 7-க்கு நெருக்கம், நம்முடையதைவிட மெல்லியதும்கூட. ஆரோக்கியமான நாய்க்கு நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு குளியல் பொதுவாகப் போதும். நடுவில் சேற்றில் புரண்டு வந்தால் அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள்.

தட்டை மூக்கு, தொங்கும் தோல் உள்ள நாய்களுக்கு மடிப்புகளுக்குள் பாருங்கள். உள்ளே ஈரம் தங்கிச் சிவந்து நாறும். ஈரத் துணியால் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். இரண்டாவது வேலைதான் முக்கியம்.

ஓயாமல் சொறிகிறது, கடித்துக்கொள்கிறது

எங்கே சொறிகிறது என்பதே பாதி விடை. வாலடியும் முதுகின் பின்பாதியும் என்றால் தெள்ளுப்பூச்சியை நினையுங்கள். காது மடல், கழுத்து, விரல் இடுக்கு என்றால் உண்ணி. வயிறு, அக்குள், பாதம், முகம் எல்லாம் சேர்ந்து என்றால் ஒவ்வாமை.

தெள்ளுப்பூச்சி தாவி ஓடிவிடும், கண்ணில் படாமலும் போகலாம். ஒரு வெள்ளைத் தாளை நனைத்துத் தரையில் விரித்து, வாலடி முடியைச் சீப்பால் அதன்மேல் சீவிவிடுங்கள். கறுப்புத் துகள்கள் விழுந்து, அவற்றைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை பரவினால் அது மண் அல்ல, பூச்சியின் கழிவு. அது குடித்த ரத்தத்தின் நிறம்தான் அந்தக் கறை. நிறம் மாறாவிட்டால் வெறும் அழுக்கு.

இருக்கிறது என்று தெரிந்தபின் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் வேலை முடியாது. நாயின்மேல் இருக்கும் வளர்ந்த பூச்சிகள் மொத்தத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மற்றவை முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகப் படுக்கையிலும் தரை இடுக்கிலும் விரிப்பிலும் கிடக்கின்றன. கூட்டுக்குள் இருக்கும் பூச்சி பல வாரங்கள், சில சமயம் மாதக்கணக்கில்கூட வெளிவராமல் காத்திருக்கும். ஆகவே நாயின் படுக்கையை வெந்நீரில் துவையுங்கள். வீட்டை மூலைமுடுக்கு விடாமல் பெருக்குங்கள். மருத்துவர் சொன்ன மருந்தை இடைவெளி விடாமல் குறைந்தது மூன்று மாதம் தொடருங்கள். முதல் மாதம் முடிந்து பூச்சி திரும்பத் தெரிந்தால் மருந்து பொய் என்று நினைக்க வேண்டாம். கூட்டிலிருந்து வெளிவரும் பழைய பாக்கிதான் அது.

மருந்தின் அளவு நாயின் எடையைப் பொறுத்தது. அதனால் பெரிய நாய்க்கு வாங்கியதைப் பாதியாகப் பிரித்து இரண்டு சின்ன நாய்க்குப் போடுவது ஆபத்து. வீட்டில் பூனையும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: நாய்களுக்கான சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையின் உயிரையே பறிக்கும்.

உண்ணியை எடுக்கும்போது அவசரம் வேண்டாம். கையுறை போட்டு, நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, ஒரே சீராக நேராக இழுங்கள். உடம்பை நசுக்கக் கூடாது. தீக்குச்சியால் சுடுவது, எண்ணெய் ஊற்றுவது, மண்ணெண்ணெய் தடவுவது எதுவும் வேண்டாம். அது சாகும்முன் தன் வயிற்றில் உள்ளதை நாயின் ரத்தத்துக்குள் கக்கும் வாய்ப்பைத்தான் கூட்டுகிறோம். எடுத்த இடத்தைத் துடைத்துவிட்டு அன்றைய தேதியைக் குறித்துவையுங்கள். அடுத்த சில வாரங்களில் நாய் சோர்ந்தால், காய்ச்சல் வந்தால், ஈறு வெளுத்தால், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் அந்தத் தேதியோடு மருத்துவரிடம் போக வேண்டும். உண்ணிக் காய்ச்சல் தாமதித்தால் உயிரை எடுக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

பூச்சியும் இல்லை, உண்ணியும் இல்லை, ஆனால் நேற்றுவரை இல்லாத ஒரு சிவந்த ஈரப்புண் இன்று உள்ளங்கை அகலம் ஆகிவிட்டதா? தானே நக்கி, கடித்துப் பெரிதாக்கிக்கொள்ளும் புண் அது. ஈரமான முடிக்கு அடியில் வெகு வேகமாகப் பரவும். சுற்றியுள்ள முடியை ஒதுக்கிக் காற்றுப் படவிட்டு, நாய் வாய் வைக்காமல் கழுத்துக் கூம்பு மாட்டி, அன்றே காட்டிவிடுங்கள்.

முடி கட்டிகட்டியாகச் சிக்குப் பிடித்திருக்கிறது

கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். சிக்கு இறுகும்போது அடித்தோலையும் மேலே இழுத்துக்கொள்ளும். எது முடி, எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது. நாயின் தோல் எவ்வளவு லேசில் வெட்டுப்படும் என்பது, வெட்டுப்பட்ட பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

காய்ந்த முடியில், சிக்கின் அடிப்பக்கத்தை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுவை தோலுக்குப் போகாது. நாய்களுக்கான சிக்கெடுக்கும் திரவம் கொஞ்சம் தெளித்து, விரலால் அந்தக் கட்டியை இரண்டாக, நான்காகப் பிரியுங்கள். அப்புறம் சீப்பை நுனியிலிருந்து வேரை நோக்கிச் சிறிது சிறிதாகக் கொண்டுபோங்கள். ஒரு நாளில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தோலோடு ஒட்டி, கம்பளி போல் படலமாகிவிட்டால் இயந்திரத்தால் மழிப்பதே நாய்க்கு வலியில்லாத வழி. அதைப் பழகிய கையிடம் விடுங்கள்.

தினமும் பிரஷ் போடுகிறோம், இருந்தும் சிக்கு வருகிறது என்றால், பிரஷ் மேல்முடியோடு நின்றுவிடுகிறது. ஒரு கையால் முடியை மேல்நோக்கி ஒதுக்கிப் பிடித்து, அடியில் தோல் ஒரு கோடாகத் தெரியும்படி வகிடு எடுத்து, அந்தக் கோட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்நோக்கி வாருங்கள். கடைசியில் சீப்பு தடையில்லாமல் போகிறதா என்று பாருங்கள். சீப்பு நின்ற இடத்தில் நாளை சிக்கு இருக்கும். காதின் பின்புறமும் அக்குளும் கழுத்துப்பட்டை உரசும் இடமும் தினசரி கவனத்துக்கு உரியவை.

வீடெல்லாம் முடி

பரவலாக, சீராகக் கொட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. பருவம் மாறும்போது உள்முடி உதிரும். வீட்டுக்குள்ளேயே வளரும் நாய்க்கு வருடம் முழுக்கவும் உதிரலாம். உள்முடி வாரும் பிரஷால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வாரினால் தரையில் விழுவது பிரஷிலேயே வந்துவிடும். வெயில் என்று நினைத்து இரட்டை முடியுள்ள நாயை மழிக்க வேண்டாம். மேல்முடி வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது, மழித்தால் சில நாய்களுக்குப் பழையபடி வளர்வதும் இல்லை. வட்டவட்டமாகச் சொட்டை விழுந்தால் கதை வேறு. பூஞ்சை, சொறிப்பூச்சி இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், சில வகைகள் நமக்கும் தொற்றும். கையுறையோடு தொட்டு, மருத்துவரிடம் காட்டுங்கள்.

தலையை உதறுகிறது, காதைத் தரையில் தேய்க்கிறது

இரண்டு காதையும் ஒப்பிடுங்கள். வெளிர் இளஞ்சிவப்பாக, வாடையில்லாமல், லேசான மெழுகோடு இருந்தால் இயல்பு. காப்பித்தூள் போன்ற கருந்துகள் நிறைந்திருந்தால் காதுப்பூச்சி, குறிப்பாகக் குட்டிகளுக்கு. பழுப்பு மெழுகும் புளித்த வாடையும் ஈஸ்ட். மஞ்சள் சீழ் பாக்டீரியா. இவை சந்தேகத்துக்கு வழிகாட்டும், அவ்வளவுதான். எது என்று உறுதிசெய்ய மருத்துவர் ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். போன தடவை மிஞ்சிய சொட்டு மருந்தை இந்தத் தடவையும் விடுவது இதனால்தான் தப்பு.

நாயின் காதுக் குழாய் நேராகப் போகாது. கீழே இறங்கி, அப்புறம் உள்நோக்கித் திரும்பும். பட்ஸ் நுழைத்தால் அழுக்கு அந்த வளைவுக்கு அப்பால் தள்ளப்படும். ஆரோக்கியமான காதைச் சுத்தம் செய்ய, நாய்களுக்கான காதுத் திரவத்தைக் குழாய் நிறையும்வரை விட்டு, காதின் அடியை அரை நிமிடம் பிசையுங்கள். சளக் சளக் என்று சத்தம் கேட்கும். கையை எடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள், நாய் உதறட்டும். அழுக்கை வெளியே கொண்டுவரும் வேலையை அந்த உதறல்தான் செய்கிறது. மேலே வந்ததைப் பஞ்சால் விரல் எட்டும் தூரம்வரை மட்டும் துடையுங்கள். வினிகர், ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம்.

தொட்டாலே கத்துகிறது, தலையை ஒருபக்கமாகச் சாய்த்தபடி இருக்கிறது என்றால் எதையும் ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் திரவமே கேடு செய்யும். மடல் திடீரென்று தலையணை போல் உப்பினால், உதறி உதறி உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. அதுவும் மருத்துவர் வேலை. திடீரென்று, ஒரே காதில், வெறிபிடித்தது போல் உதறினால் புல்விதை உள்ளே போயிருக்கலாம். நீங்கள் நோண்டினால் இன்னும் உள்ளே போகும்.

நடக்கும்போது தரையில் நகம் டக்டக் என்கிறது

நகம் நீண்டுவிட்டது. சமதரையில் நிற்கும்போது நகம் தரையைத் தொடக் கூடாது. தொட்டால் ஒவ்வொரு அடியிலும் விரல் பின்னுக்குத் தள்ளப்பட்டு நாய் நிற்கும் விதமே மாறும். மூட்டுகளுக்கு அது நல்லதல்ல.

எங்கள் நாய் மணி ஆறு மாதக் குட்டியாக இருந்தபோது நான் அவனுடைய ஒரு நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன். ரத்தம் சொட்டியது. அவன் கத்தியதைவிட, அதன்பின் நகவெட்டியை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கியதுதான் என்னை வருத்தியது. அவன் மீண்டும் காலைத் தர எட்டு மாதம் ஆயிற்று. இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

நகத்துக்குள் ரத்தநாளமும் நரம்பும் ஓடுகின்றன. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும், இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்திவிடலாம். கறுப்பு நகத்தில் எதுவும் தெரியாது. அதனால் ஒரேயடியாக வெட்டாமல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிச்சீவி, ஒவ்வொரு முறையும் வெட்டிய முகத்தைப் பாருங்கள். முதலில் சுண்ணாம்பு போல் வறண்டு வெளிறி இருக்கும். நடுவில் ஈரமான ஒரு கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்துங்கள். அதற்குப் பின்னால்தான் ரத்தம்.

வெட்டிவிட்டதா? பதறாதீர்கள். ரத்தம் நிறுத்தும் பொடியை, இல்லாவிட்டால் சோளமாவை, நுனியில் அழுத்தி ஐந்து நிமிடம் பிடியுங்கள். நடுவே எடுத்துப் பார்க்காதீர்கள். அரை மணி நேரம் ஓடவிடாமல் வையுங்கள். நிற்கவே இல்லை என்றால் மருத்துவர்.

வெகுநாள் விட்டுவிட்ட நகத்தில் ரத்தநாளமும் நீண்டிருக்கும். ஒரே நாளில் குட்டையாக்க முடியாது. வாரம் ஒருமுறை நுனியை மட்டும் எடுத்துவந்தால் உள்ளே அது மெல்லப் பின்வாங்கும். உள்பக்கம் உயரத்தில் இருக்கும் கட்டைவிரல் நகத்தை மறக்க வேண்டாம். தரையில் படாததால் தேயாது, வளைந்து சதைக்குள்ளேயே குத்தும்.

பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது

ஒரு பாதம் என்றால் அங்கே ஏதோ குத்தியிருக்கிறது: முள், விதை, கண்ணாடித் துண்டு, பிளந்த நகம். வெளிச்சத்தில் விரல்களை விரித்துப் பாருங்கள். நான்கு பாதமும் என்றால் ஒவ்வாமையோ ஈஸ்டோ. வெள்ளை முடி செம்பழுப்பாக மாறியிருந்தால் அது ரத்தம் அல்ல, உமிழ்நீரில் உள்ள ஒரு நிறமி. வெகுநாளாக நக்குகிறது என்று அர்த்தம். நடைக்குப் போய் வந்ததும் பாதங்களை நீரில் அலசி விரல் இடுக்குவரை துடைத்துவந்தால் லேசான தொல்லை அடங்கும். நமக்குப் பூசும் களிம்பு வேண்டாம், நக்கி விழுங்கிவிடும். துத்தநாகம் கலந்த களிம்பு வயிற்றுக்குள் போனால் நஞ்சு.

பின்புறத்தைத் தரையில் தேய்த்து இழுக்கிறது

புழு என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். புழுவாகவும் இருக்கலாம். வாலடியில் அரிசி போன்ற துண்டுகள் ஒட்டியிருந்தால் நாடாப்புழு, தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது. ஆனால் பெரும்பாலும் காரணம் ஆசனவாயின் இருபுறமும், கடிகாரத்தில் 4, 8 இருக்கும் இடத்தில், உள்ள இரண்டு சிறு பைகள். மலம் கெட்டியாகப் போகும்போது அவை அழுந்தி தானே காலியாகும். மலம் இளகியே போகும் நாய்க்கு அவை நிரம்பி உறுத்தும், மீன் வாடை அடிக்கும். வீட்டில் பிதுக்க வேண்டாம், முதல் முறை மருத்துவரிடம் காட்டுங்கள். தொல்லை இல்லாத நாய்க்கு வழக்கமாகப் பிதுக்கிவிடுவதும் தேவையில்லை. ஒருபக்கம் சிவந்து வீங்கியிருந்தால் சீழ் கட்டியிருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

வாய் நாறுகிறது

நான்கு முதல் ஆறு மாதக் குட்டி என்றால் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் காலம், கொஞ்சம் வாடை இருக்கும், போய்விடும். வளர்ந்த நாயின் 42 பற்களில் நீங்கள் பார்க்க வேண்டியது மேல்தாடையின் பின்பற்கள். அங்கே பழுப்புக் காறையும் ஈறு ஓரத்தில் சிவப்புக் கோடும் இருந்தால் ஈறு நோய் தொடங்கிவிட்டது. பல்லில் படியும் மாவு இரண்டு மூன்று நாளில் காறையாக இறுகிவிடும். இறுகியபின் பிரஷ் அதை எடுக்காது, மருத்துவர் மயக்கம் கொடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். அதனால்தான் மாதம் ஒருமுறை அரைமணி நேரம் தேய்ப்பதைவிடத் தினமும் அரை நிமிடம் தேய்ப்பது மேல். நாய்களுக்கான பற்பசை மட்டுமே. நம் பற்பசை சிலவற்றில் உள்ள சைலிட்டால் நாய்க்குக் கொடிய நஞ்சு. விரலில் துணி சுற்றித் தொடங்குங்கள், பல்லின் வெளிப்பக்கம் மட்டும் போதும். கடிக்கக் கொடுக்கும் பொருளில் உங்கள் கட்டைவிரல் நகம் பதியவில்லை என்றால் அது பல்லை உடைக்கும் அளவுக்குக் கெட்டி.

மூச்சில் இனிப்பு வாடையோ சிறுநீர் வாடையோ வந்தால் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். சர்க்கரை, சிறுநீரகம் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பிரஷைப் பார்த்தாலே ஓடுகிறது

மேலே சொன்ன எதையும் செய்ய, நாய் தன்னைத் தொடவிட வேண்டும். இரண்டு பேர் அமுக்கிப் பிடித்து ஒருமுறை முடித்துவிடலாம். அடுத்த முறைக்கு மூன்று பேர் தேவைப்படும்.

கருவியைத் தரையில் வையுங்கள். நாய் வந்து முகர்ந்தால் ஒரு தின்பண்டம். அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த நாள் கருவி கையில் இருக்க, தோளைத் தொட்டுத் தின்பண்டம். அப்புறம் பாதத்தைத் தொட்டு, பிடித்து, நகவெட்டியின் சத்தத்தை மட்டும் கேட்கவிட்டு, கடைசியில் ஒரே ஒரு நகம். மணிக்கு நான் இப்படித்தான் செய்தேன், நாளுக்கு ஒரு நகம் என்று. உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக் கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது இவை எல்லாம் "போதும்" என்று அது சொல்வது. உறுமலுக்கு முன் வரும் சொற்கள் இவை. அங்கேயே நிறுத்தினால் நாய் நாளை உங்களிடம் திரும்பி வரும்.

இத்தனை வருடம் சுகமாக நின்று வாரிவிடச் சொன்ன நாய், இப்போது திடீரென்று இடுப்பருகே பிரஷ் பட்டதும் சீறினால், அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வயதான நாய்க்கு அந்த இடத்தில் மூட்டுவலி இருக்கலாம். பிரஷைக் கீழே வைத்துவிட்டு, அது எழும்போதும் படி ஏறும்போதும் எப்படி நடக்கிறது என்று இரண்டு நாள் கவனித்து, கைப்பேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். நமக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலோ இபுப்ரூஃபனோ நீங்களாகக் கொடுக்கவே வேண்டாம். மருந்து தொடங்கி வலி தணிந்தபின், மெத்தென்ற விரிப்பில் படுக்கவைத்து, வலிக்காத பக்கத்திலிருந்து வாரத் தொடங்கலாம்.